செய்தி மூலத்தின் மறைகாப்பும் சட்டப் பாதுகாப்பும்: மாஞ்சோலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

செய்தியாளர் தமக்குச் செய்தி அளித்தவரின் அடையாளத்தை வெளியிடாதிருக்கும் உரிமைக்கு இந்தியாவில் முழுமையான சட்டப் பாதுகாப்பு இல்லை. நீதிமன்றமோ காவல்துறையோ கேட்கும்போது அவர் பெரிதும் தம் தொழிலறத்தையே துணையாகக் கொண்டு நிற்க வேண்டியுள்ளது. இக்கட்டுரை, அப்பாதுகாப்பு சட்டமாக்கப்பட வேண்டுமா என்னும் வினாவைத் திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் சூழலில் வைத்து ஆராய்கின்றது. செய்தி மூலத்தைக் குறிக்கும் தமிழ் இதழியல் மரபுகள், சாட்சியச் சட்டத்தின் விதிகள், சட்ட ஆணையத்தின் பரிந்துரைகள், அண்மைக்காலத் தீர்ப்புகள் ஆகியன ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. மறைகாப்பு என்பது செய்தியாளருக்குரிய சலுகை அன்று, பேசத் துணிந்தவருக்குரிய பாதுகாப்பு என்பதும், 'பொது ஒழுங்கு' என்னும் பரந்த விதிவிலக்கு அப்பாதுகாப்பை அது தேவைப்படும் இடத்திலேயே இல்லாமற் செய்துவிடும் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: செய்தி மூலம், மறைகாப்பு, மாஞ்சோலை, தாமிரபரணி, ஒற்றாடல், சாட்சியச் சட்டம், இதழியல் அறம்.

முன்னுரை

செய்தியின் நம்பகத்தன்மை அதன் மூலத்தைப் பொறுத்தது. யார் கூறினார் என்பது தெரிந்தால் வாசகர் அச்செய்தியை எடைபோட இயலும். ஆகவே மூலத்தைப் பெயருடன் சுட்டுவதே இதழியலின் பொதுவிதி. பெயரைச் சுட்டினால் பேசியவருக்குத் தீங்கு நேரும் எனும்போது இவ்விதி தளர்த்தப்படுகின்றது. செய்தியாளர் அவருக்கு ஓர் உறுதிமொழி அளிக்கிறார். அதனை நம்பி அவர் பேசுகிறார். பின்னர் ஒருநாள் காவல்துறையோ நீதிமன்றமோ விசாரணை ஆணையமோ 'இதனை உமக்குக் கூறியவர் யார்?' என வினவினால், அவ்வுறுதிமொழிக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு உண்டு என்பதே இவ்வாய்வின் அடிப்படை வினாவாகும்.

இவ்வினா பெரும்பாலும் தலைநகரங்களின் பெருஞ்செய்திகளை ஒட்டியே விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. போபர்ஸ் பீரங்கி ஒப்பந்தம், ரஃபேல் விமான ஒப்பந்தம், பெகாசஸ் உளவு மென்பொருள் ஆகியவை அதற்குச் சான்றுகள். அவற்றில் செய்தி மூலமாக அமைபவர் உயர்பதவியில் இருப்பவர் அல்லது ஆவணங்களைக் கையாள்பவர். ஒரு மலைத்தோட்டத்துத் தொழிலாளி செய்தி மூலமாக அமையும்போது சிக்கலின் தன்மையே மாறிவிடுகின்றது. அம்மாற்றத்தை விளக்குவதற்கு மாஞ்சோலை தக்க களமாக அமைகின்றது.

1. செய்தி மூலமும் தமிழ் இதழியல் மரபும்

செய்தி அளிப்பவரைக் குறிக்கத் தமிழ் இதழ்கள் பல தொடர்களை வழங்கி வருகின்றன. 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன', 'பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி ஒருவர் கூறினார்', 'தெரிய வருகிறது', 'கூறப்படுகிறது' என்பன அவற்றுட் சில. இத்தொடர்களை இலக்கண நோக்கில் அணுகினால் அவை ஆற்றும் பணி விளங்கும். தமிழில் தெரிநிலை வினைமுற்று, எழுவாயின் திணை, பால், எண், இடம் ஆகியவற்றை விகுதியால் காட்டிவிடும் இயல்புடையது. 'கூறினாள்' என்ற ஒரு சொல்லே பேசியவர் பெண் என்பதையும் ஒருவர் என்பதையும் அறிவித்துவிடுகின்றது. 'கூறினார்' என்னும் உயர்வுப்பன்மை பாலை மறைக்கின்றது. 'வட்டாரங்கள் தெரிவித்தன' என்னும் தொடரோ உயர்திணையாகிய பேச்சாளரை அஃறிணைப் பலவின்பாலாக மாற்றித் திணை, பால், எண் ஆகிய மூன்றையும் மறைத்துவிடுகின்றது. செயப்பாட்டு வினையில் எழுவாயாக நிற்க வேண்டிய பேச்சாளரே மறைந்துவிடுகிறார். எனவே, தேய்வழக்கு எனக் கருதப்படும் இத்தொடர்கள் உண்மையில் மறைகாப்பின் மொழிக் கருவிகளாக விளங்குகின்றன எனலாம்.

புலனாய்வு இதழ்கள் இம்மரபை வேறொரு வகையில் வளர்த்தெடுத்துள்ளன. ஜூனியர் விகடனின் 'மிஸ்டர் கழுகு', நக்கீரனின் 'ராங்கால்' ஆகிய பகுதிகளில் பெயரற்ற செய்தி மூலம் ஒரு கற்பனைப் பாத்திரமாகவே வடிவம் பெற்றுள்ளது. அடையாளம் தெரியாத பலரின் கூற்றுகள் ஒரு பாத்திரத்தின் குரலில் ஒன்றிணைகின்றன. வாசகரும் இதனை மரபாக ஏற்றுக்கொண்டுள்ளனர். அதே வேளையில் இவ்வடிவம் வதந்திக்கும் இடமளிக்கக்கூடும் என்பது மறுக்கத்தக்கதன்று.

செய்தி கொணர்பவரைக் காத்தல் என்னும் கருத்து தமிழ் அரசியல் சிந்தனைக்குப் புதியதன்று. திருக்குறளின் ஐம்பத்தொன்பதாம் அதிகாரமாகிய 'ஒற்றாடல்' இதனை விரிவாகப் பேசுகின்றது. அவ்வதிகாரத்தின் இரு கருத்துகள் இவண் கருதத்தக்கன. முதலாவது, ஓர் ஒற்றர் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றர் வாயிலாக ஒத்துப்பார்த்தே கொள்ள வேண்டும் என்பது. இரண்டாவது, ஒற்றருக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யலாகாது. செய்தால் மறைபொருளைத் தானே வெளிப்படுத்தியதாக முடியும் என்பது. முன்னது சரிபார்ப்புக் கடமை. பின்னது மறைகாப்புக் கடமை. இவ்விரண்டும் ஒரே அதிகாரத்தில் இணைந்து நிற்பது கவனத்திற்குரியது. ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கோருவது பொருந்தாது என்பது இதனால் பெறப்படும்.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. ஒற்றர் அரசனுக்காகப் பிறரைப் பற்றிச் செய்தி கொணர்பவர். இதழியலின் செய்தி மூலமோ பெரும்பாலும் ஆட்சியையும் நிறுவனத்தையும் பற்றி மக்களுக்குச் செய்தி தருபவர். முன்னவரைக் காக்கும் ஆற்றல் அரசனிடம் இருந்தது. பின்னவரைக் காக்க வேண்டிய சட்டத்தை இயற்ற வேண்டியதோ, அவர் கூற்றால் சங்கடம் அடையக்கூடிய அதே அரசாகும். சட்டப் பாதுகாப்பு இன்றுவரை முழுமை பெறாமைக்கு இம்முரண் ஒரு காரணம் எனக் கருதலாம்.

2. மாஞ்சோலை: பேசுபவரின் நிலை

மேற்குத் தொடர்ச்சி மலையில், அம்பாசமுத்திரம் வட்டத்தில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் அமைந்துள்ளன. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பாம்பே பர்மா வர்த்தகக் கழகம் 99 ஆண்டுக் குத்தகையாக ஏறத்தாழ 8,373 ஏக்கர் நிலத்தைப் பெற்றது. ஜமீன் ஒழிப்புக்குப்பின் நிலம் அரசின் உடைமையாயிற்று, குத்தகை தொடர்ந்தது. இப்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் அமைந்துள்ளது. குத்தகைக் காலம் 2028இல் முடிவடைய உள்ள நிலையில், 2024இல் நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. தொழிலாளர்களின் மறுவாழ்வு குறித்த வழக்குகள் உயர்நீதிமன்றம் சென்றன.

தோட்டத் தொழிலாளரின் வாழ்வமைப்பு செய்தி மூலத்தின் சிக்கலோடு நேரடித் தொடர்புடையது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் முதலியவற்றை அளிக்கும் பொறுப்பை வேலை அளிப்பவர் மீது சுமத்தியது. தொழிலாளர் நலன் கருதி இயற்றப்பட்ட விதி அது. ஆயினும் கூலி தரும் கையே கூரையையும் மருந்தையும் தருவதால், நிறுவனத்திற்கு எதிராகப் பேசும் ஒருவர் இழக்க நேர்வது வேலையை மட்டுமன்று. மேலும், மலைக்குச் செல்லும் பாதை மணிமுத்தாறு வனத்துறைச் சோதனைச் சாவடி வழியாகச் செல்கின்றது. வெளியார் அனுமதி பெற்றே செல்ல வேண்டியிருப்பதால், செய்தியாளர் ஒருவர் வந்து சென்றார் என்பதே ஒரு பதிவாகிவிடும். அவர் எந்த லயன் வீட்டின் முன் நின்றார் என்பது அன்று மாலைக்குள் குடியிருப்பு முழுவதும் தெரிந்துவிடும்.

இத்தகைய சிற்றூர்ச் சூழலில் பெயரை நீக்குவது மட்டும் மறைகாப்பு ஆகாது. 'ஊத்துப் பகுதியைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற, கணவரை இழந்த பெண் தொழிலாளர் ஒருவர்' என எழுதினால் சென்னை வாசகருக்கு அது பொதுக் குறிப்பு. ஊத்து மக்களுக்கோ அது பெயர். பேச்சு வழக்கை அப்படியே மேற்கோளாகத் தருவதும் இத்தகையதே. நெல்லை வட்டார வழக்கின் கிளைவேறுபாடுகளும், கேரளத்திலிருந்து வந்த முன்னோரை உடைய குடும்பத்தாரின் பேச்சில் காணப்படக்கூடிய மலையாளச் சாயலும் பேசுபவரைக் காட்டிக் கொடுக்கவல்லன. பேச்சின் உயிர்ப்பைக் காட்டுவதற்காக இதழியல் போற்றும் வட்டார வழக்கு, இவ்விடத்தில் அடையாளச் சான்றாக மாறிவிடுகின்றது.

3. 1999 சூலை 23: ஆற்றங்கரையும் மலையும்

கூலி உயர்வு கோரி மாஞ்சோலைத் தொழிலாளர்கள் போராடினர். அவர்களுள் 652 பேர் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களின் விடுதலையையும் கூலிக் கோரிக்கையையும் முன்வைத்து, 1999 சூலை 23 அன்று புதிய தமிழகம் உள்ளிட்ட கட்சிகளின் தலைமையில் திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி நடைபெற்றது. காவல்துறை நடத்திய தடியடியின்போது மக்கள் தாமிரபரணி ஆற்றில் இறங்கினர். பெண்களும் இரண்டு வயதுக்கும் மேற்படாத குழந்தை ஒன்றும் உட்பட 17 பேர் உயிரிழந்தனர். நிகழ்வை விசாரிக்க நீதியரசர் எஸ். மோகன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆர்.ஆர். சீனிவாசன் இயக்கிய 'நதியின் மரணம்' என்னும் ஆவணப்படம் அந்நிகழ்வைப் பதிவு செய்துள்ளது.

செய்தி மூலம் என்னும் நோக்கில் இந்நிகழ்வை இரண்டாகப் பகுத்து நோக்கலாம். ஆற்றங்கரையில் நிகழ்ந்தது பட்டப்பகலில், நகரின் நடுவே, ஒளிப்படக் கருவிகளின் முன் நிகழ்ந்தது. அங்குக் காட்சியே சான்றாக நின்றது. அதற்கு முன் மலைமேல் நிகழ்ந்தவற்றிற்கு, அதாவது கூலிக் கணக்கு, வேலைநிறுத்தம், கைது ஆகியவற்றின் அன்றாட விவரங்களுக்கு, அத்தகைய காட்சிச் சான்று அரிது. அவற்றை வெளியுலகுக்குக் கொணரத் தொழிலாளரின் வாய்மொழியே வழி. ஒரு சிக்கல் உயிரிழப்பாக முற்றிய பின்னரே கருவிகள் அங்கு வருகின்றன. முற்றுமுன் அறிவிக்க வல்லவர் பேசத் துணியும் மனிதர் ஒருவரே. செய்தி மூலத்தைக் காப்பது பேரிடருக்கு முந்தைய செய்தியைக் காப்பதாகும்.

இத்தகைய நிகழ்வுகளை விசாரிக்கும் ஆணையங்கள் 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின்கீழ் அமைகின்றன. அச்சட்டம் ஆணையத்திற்கு, உரிமையியல் நீதிமன்றத்தைப் போல ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் அதிகாரம் அளிக்கின்றது. ஒருவர் நடைமுறையில் உள்ள ஏதேனும் சட்டத்தின்கீழ் கோரத்தக்க காப்புரிமைக்கு உட்பட்டே அவரிடம் தகவல் கேட்கப்பட வேண்டும் எனவும் அது கூறுகின்றது. செய்தியாளருக்கு அத்தகைய காப்புரிமையை எச்சட்டமும் வெளிப்படையாக வழங்காமையால் இவ்விதி அவருக்குப் பயன்படுவது அரிது. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஆணையத்தின் முன் சாட்சியம் அளிப்பவரின் கூற்றை, பொய்ச்சாட்சியக் குற்றம் தவிர, வேறு வழக்குகளில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது எனக் காக்கின்றது. பேசுபவருக்குக் காப்பு இன்றேல் உண்மை வெளிவாராது என்னும் கோட்பாட்டைச் சட்டமியற்றியோர் அறிந்தே இருந்தனர் என்பதற்கு இப்பிரிவு சான்றாகும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் அண்மை நிகழ்வு ஒன்றும் இதனை வலியுறுத்துகின்றது. 2023 மார்ச்சில், அம்பாசமுத்திரம் காவல் உட்கோட்டத்தில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டோரின் பற்கள் பிடுங்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பாதிக்கப்பட்டதாகக் கூறியோரின் ஊடகப் பேச்சே அதனை வெளிக்கொணர்ந்தது. காவல் உதவிக் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அரசு உயர்மட்ட விசாரணைக்கு ஆணையிட்டது. குற்றச்சாட்டின் மெய்ம்மை நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. ஆயினும் விசாரணையின் தொடக்கத்தில் ஒருவர், தாம் கீழே விழுந்ததால் பற்கள் உடைந்தன எனக் கூறியதாகச் செய்திகள் வெளிவந்தன. முகமும் பெயரும் வெளிப்பட்ட பின் ஒருவர் தம் கூற்றில் நிலைத்து நிற்பது எத்துணை அரிது என்பதை இது உணர்த்துகின்றது.

4. சட்டத்தின் இன்றைய நிலை

4.1 காவலருக்கு உள்ளது, செய்தியாளருக்கு இல்லாதது

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, ஒரு குற்றம் நிகழ்ந்தது பற்றிய தகவல் தமக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைக் கூறுமாறு குற்றவியல் நடுவரையோ காவல் அலுவலரையோ கட்டாயப்படுத்தலாகாது என விதித்தது. அரசு வருவாய்க்கு எதிரான குற்றங்களைப் பொறுத்தமட்டில் வருவாய் அலுவலருக்கும் இக்காப்பு உண்டு. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 131ஆம் பிரிவாக இவ்விதி தொடர்கின்றது. வழக்கறிஞர் தம் கட்சிக்காரரின் கூற்றை வெளியிடலாகாது என்பதும், கணவன் மனைவியரிடையே நிகழ்ந்த பேச்சுக்குக் காப்பு உண்டு என்பதும் அவ்வாறே தொடர்கின்றன. செய்தியாளரைப் பற்றிய விதி பழைய சட்டத்திலும் இல்லை. புதிய சட்டத்திலும் இடம்பெறவில்லை.

இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மலைத்தோட்டத்தில் நிகழ்ந்த ஒரு குற்றத்தைப் பற்றித் தொழிலாளி ஒருவர் காவல் அலுவலரிடம் மறைவாகக் கூறினால், அவர் யார் எனக் கூறுமாறு அவ்வலுவலரை நீதிமன்றமும் கட்டாயப்படுத்த இயலாது. குற்றம் செய்தவர் காவல் அலுவலரே என்பதால் அதே தொழிலாளி செய்தியாளரிடம் கூறினால், அச்செய்தியாளருக்கு இக்காப்பு இல்லை. அரசுக்குச் செய்தி தருபவர் காக்கப்படுகிறார். அரசைப் பற்றிச் செய்தி தருபவர் காக்கப்படுவதில்லை. ஒற்றாடலின் மறைகாப்பு, காலனியச் சட்டத்தின் வழியாக இன்றும் அரசுக்கு மட்டுமே உரியதாக நிற்கின்றது எனலாம்.

4.2 பத்திரிகை மன்றச் சட்டமும் சட்ட ஆணையமும்

1978ஆம் ஆண்டுப் பத்திரிகை மன்றச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு, செய்தியின் மூலத்தை வெளியிடுமாறு எந்தச் செய்தித்தாளையும் ஆசிரியரையும் செய்தியாளரையும் கட்டாயப்படுத்துவதாகக் கொள்ளலாகாது எனக் கூறுகின்றது. ஆயினும் அப்பிரிவு, அதற்கு முந்தைய உட்பிரிவு பத்திரிகை மன்றத்திற்கு அளிக்கும் அதிகாரத்திற்கே வரம்பிடுகின்றது. நீதிமன்றத்தையும் காவல்துறையையும் அது நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை.

இக்குறையை உணர்ந்த சட்ட ஆணையம், 1983இல் தனது 93ஆம் அறிக்கையில், சாட்சியச் சட்டத்தில் 132அ என்னும் புதிய பிரிவைச் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. மறைகாப்பு உறுதிமொழியின் அடிப்படையில் பெற்ற செய்தியின் மூலத்தை வெளியிடுமாறு நீதிமன்றம் கோரலாகாது என்பது அதன் சாரம். 2003இல் வெளியான 185ஆம் அறிக்கை இப்பரிந்துரையை ஏற்று, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்தூண்டல் முதலிய விதிவிலக்குகளைச் சேர்த்தது. இவ்விரு அறிக்கைகளும் சட்டவடிவம் பெறவில்லை. சாட்சியச் சட்டம் 2023இல் முழுமையாக மாற்றி எழுதப்பட்டபோதும் இவ்வாய்ப்பு பயன்படுத்தப்படவில்லை. 2023 சனவரியில் தில்லி மத்தியப் புலனாய்வு வழக்குகளுக்கான நீதிமன்றம் ஒன்று, புலனாய்வு அமைப்புகளிடம் மூலத்தை வெளியிடுவதிலிருந்து செய்தியாளருக்குச் சட்டப்படியான விலக்கு இந்தியாவில் இல்லை எனக் குறிப்பிட்டது.

185ஆம் அறிக்கையின் விதிவிலக்குகள், குறிப்பாகப் 'பொது ஒழுங்கு', தனியே ஆராயத்தக்கவை. பேரணி, வேலைநிறுத்தம், தடியடி ஆகியவை தொடர்பான எந்நிகழ்விலும் ஆட்சியின் முதல் வாதம் பொது ஒழுங்கே. மாஞ்சோலை போன்ற ஒரு போராட்டத்தில் செய்தி அளித்தவரின் பெயர் கோரப்படுமாயின், அதற்குரிய காரணமாகப் பொது ஒழுங்கே முன்வைக்கப்படும். அவ்விதிவிலக்கு சட்டத்தில் இடம்பெற்றால், பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படும் நிகழ்வுகளே பாதுகாப்பின் எல்லைக்கு வெளியே நின்றுவிடும்.

4.3 நீதிமன்றங்களின் அணுகுமுறை

நீதிமன்றங்கள் இப்பொருளில் சிறிது சிறிதாக முன்னேறியுள்ளன. பெகாசஸ் வழக்கில் 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம், செய்தி மூலங்களைக் காத்தல் பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனைகளுள் ஒன்று எனக் கூறியது. அவ்வழக்கின் மனுதாரர்களுள் மூத்த இதழாளர் என். ராமும் ஒருவர். அவர் 'தி இந்து' நாளிதழில் வெளியிட்ட ரஃபேல் ஆவணங்கள் தொடர்பான எதிர்ப்பை 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரசின் காப்புரிமைக்கு உட்பட்ட ஆவணங்கள் என்னும் வாதம் ஏற்கப்படவில்லை. இவ்விரண்டாம் தீர்ப்பிலிருந்து ஒரு கருத்து பெறப்படுகின்றது. ஆவணத்தை அளித்தவர் யார் என்பதை அறியாமலேயே அவ்வாவணத்தை நீதிமன்றம் கருத்திற்கொள்ள இயலும். 'மூலம் தெரியாவிடில் உண்மை தெரியாது' என்னும் பொதுவாதம் எப்போதும் பொருந்துவதில்லை.

சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் நிகழ்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை, பாதிக்கப்பட்டவரின் விவரங்களுடன் வெளியானது. அதனை விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு செய்தியாளர்களை அழைத்து அவர்களின் கைப்பேசிகளைக் கைப்பற்றியது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம், பத்திரிகை மன்றச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவைச் சுட்டி, கைப்பேசிகளைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டது. குறுகிய எல்லையுடைய அப்பிரிவுக்கு விரிந்த பொருள் காணும் போக்கு இதில் தென்படுகின்றது. இவ்வழக்கில் இரு மறைகள் எதிரெதிரே நின்றன என்பதும் கருதத்தக்கது. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் ஒன்று. செய்தியாளரின் மூலம் மற்றொன்று. முன்னதை வெளியிடுவது குற்றம். அக்குற்றத்தை விசாரிப்பதற்காகப் பின்னதைத் திறப்பது இன்றியமையாததா என்பதை, திறப்பதற்கு முன்பே நீதிமன்றம் ஆராய வேண்டும். நடைமுறையிலோ கைப்பேசி முதலில் கைப்பற்றப்பட்டது. நீதிமன்றம் பின்னரே தலையிட்டது.

இன்றைய சூழலில் மறைகாப்பின் முதன்மைச் சிக்கல் இதுவே. செய்தியாளரை நீதிமன்றக் கூண்டில் ஏற்றி வினவ வேண்டிய தேவை குறைந்துவிட்டது. 2023ஆம் ஆண்டுப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு, தகவல் தொடர்புக் கருவிகளையும் முன்னிலைப்படுத்துமாறு ஆணையிட நீதிமன்றத்திற்கும் காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கும் அதிகாரம் அளிக்கின்றது. கைப்பேசி கையளிக்கப்பட்டால் ஒரு வழக்கின் மூலம் மட்டுமன்றி, அச்செய்தியாளரை நம்பிய அனைவரின் பெயர்களும் வெளிப்பட்டுவிடும். வாய் காத்த மறையைக் கருவி காக்காது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், ஊடகத்தாரின் கருவிகளைக் கைப்பற்றுவதற்கு நெறிமுறைகள் தேவை என வலியுறுத்தியது.

4.4 பிற நாடுகளின் நெறி

பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், நீதி, தேசப் பாதுகாப்பு, குற்றத் தடுப்பு ஆகியவற்றிற்கு இன்றியமையாதது என நிறுவப்பட்டாலன்றி மூலத்தை வெளியிடுமாறு கோரலாகாது என்கிறது. அச்சட்டம் இருந்தும் இதழாளர் கூட்வினுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1996இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அது கருத்துரிமை மீறல் எனத் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் பிரான்ஸ்பர்க் வழக்கில் இத்தகைய அரசமைப்புக் காப்பை ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் மறுத்தது. எனினும் பல மாநிலங்கள் தனிச்சட்டங்கள் வழி காப்பளிக்கின்றன. சுவீடனில் மறைகாப்பு செய்தி அளிப்பவரின் உரிமையாகவே வகுக்கப்பட்டுள்ளது. அதனை மீறி மூலத்தை வெளியிடும் இதழாளரே தண்டனைக்குரியவர். போபர்ஸ் செய்தியின் மூலமாக விளங்கிய சுவீடன் நாட்டு முன்னாள் காவல்துறைத் தலைவர் ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம் 2012இல் தாமே முன்வந்து தம்மை வெளிப்படுத்தினார். அதுவரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு அம்மறை காக்கப்பட்டது. மறையை விலக்கும் உரிமை மூலமாக அமைந்தவருக்கே உரியது என்பதற்கு இந்நிகழ்வு தக்க சான்றாகும்.

5. எதிர்வாதங்களும் அவற்றின் மதிப்பும்

சட்டப் பாதுகாப்புக்கு எதிராக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை பற்றியது. தம் குற்றமின்மையை மெய்ப்பிக்க ஒருவருக்கு அம்மூலத்தின் சாட்சியமே ஒரே வழியாக அமையக்கூடும். இவ்வாதம் வலிமையானது. ஆகவே மறைகாப்பு முழுமையானதாக அமைய இயலாது. வேறு வழியே இல்லை என்பது நிறுவப்பட்டால் நீதிமன்றம் அதனை விலக்கலாம் என்னும் வாயில் வேண்டும்.

இரண்டாவது, பொய்ச்செய்தி பெருகும் என்பது. பெயரற்ற மூலத்தின் மறைவில் அவதூறு பரப்பப்படுவது உண்மையே. 'காவல்துறை வட்டாரங்கள் தெரிவித்தன' என்னும் தொடரால் கைதானவரைக் குற்றவாளியாகச் சித்திரிக்கும் போக்கும் தமிழ் இதழ்களில் உண்டு. மறைகாப்பு எளியவர்க்கு மட்டுமன்றி வலியவர்க்கும் பயன்படுகின்றது. இதற்குரிய விடை மறைகாப்பை நீக்குவதன்று; ஒத்துப்பார்க்கும் கடமையை அதனுடன் இணைப்பதே. மூலத்தை வெளியிட மறுக்கும் செய்தியாளர், அச்செய்தியை வேறு வழிகளில் எவ்வாறு சரிபார்த்தார் என்பதைக் காட்டும் பொறுப்பை ஏற்க வேண்டும். காட்ட இயலாவிடில் அவதூறு வழக்கின் விளைவை அவரே ஏற்பார். மறைகாப்பு அவரை அப்பொறுப்பிலிருந்து விடுவிக்காது.

மூன்றாவது, செய்தியாளர் யார் என்னும் வரையறைச் சிக்கல். அரசு அங்கீகார அட்டை பெற்றவரே செய்தியாளர் எனின், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களில் பணியாற்றும் பகுதிநேரச் செய்தியாளர்களுள் பலர் அதற்குள் அடங்கார். மலைக்குச் சென்று வரும் முதல் செய்தியாளர் பெரும்பாலும் அவர்களே. ஆவணப்பட இயக்குநரும் உண்மையறியும் குழுவினரும் அவ்வாறே. பாதுகாப்பு பேசியவருக்கு உரியது எனக் கொண்டால் இச்சிக்கல் பெரிதும் நீங்கும். கேட்டவரின் பதவியை விட, பொதுநலன் கருதி வெளியிடும் நோக்கில் மறைகாப்பு உறுதிமொழியுடன் கேட்டார் என்பதே அளவுகோலாக அமையும்.

6. சட்டப் பாதுகாப்பின் வடிவம்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் பாதுகாப்புச் சட்டம் பின்வரும் கூறுகளைக் கொண்டிருத்தல் வேண்டும்.

அ) மறைகாப்பு, செய்தி அளித்தவரின் உரிமையாக வரையறுக்கப்படல் வேண்டும். அவர் இசைவின்றிச் செய்தியாளரும் அதனைக் கைவிடலாகாது.

ஆ) வெளியிடுமாறு ஆணையிடும் அதிகாரம் உயர்நிலை நீதிமன்றத்திற்கே உரியதாதல் வேண்டும். காவல்துறைக்கும் விசாரணை ஆணையத்திற்கும் நேரடி அதிகாரம் கூடாது.

இ) வேறு வழிகள் அனைத்தும் முயன்று பார்க்கப்பட்டன என்பதும், உயிருக்கான உடனடி இடரைத் தடுக்கவோ குற்றமற்றவர் தண்டிக்கப்படுவதைத் தவிர்க்கவோ வெளியீடு இன்றியமையாதது என்பதும் நிறுவப்படல் வேண்டும். 'பொது ஒழுங்கு' என்னும் பொதுக்காரணம் போதாது.

ஈ) செய்தியாளரின் கருவிகளைக் கைப்பற்றுமுன் நீதிமன்ற அனுமதி கட்டாயமாக்கப்படல் வேண்டும், வழக்குக்குத் தொடர்பற்ற தரவுகள் காக்கப்படல் வேண்டும்.

உ) நேரடிப் பெயர் மட்டுமன்றி, ஊர், பணி, உறவு, பேச்சுவழக்கு முதலிய மறைமுக அடையாளங்களும் 'மூலம்' என்னும் சொல்லின் பொருளில் அடங்குதல் வேண்டும்.

சாட்சியம் என்னும் பொருள் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் பொதுப்பட்டியலில் 12ஆம் பதிவாக உள்ளது. ஆகவே குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் தமிழ்நாடு சட்டமன்றமும் இத்தகைய திருத்தத்தை இயற்ற இயலும். மகாராட்டிரம் 2017இல் ஊடகத்தார் மீதான வன்முறையைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றியது. அது செய்தியாளரின் உடலைக் காக்கின்றது. அவரிடம் பேசியவரைக் காப்பதற்கான சட்டம் இனி இயற்றப்பட வேண்டியதாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. செய்தி மூலத்தை மறைக்கும் தொடர்களைத் தமிழ் இதழியல் தன் மொழியமைப்புக்கு ஏற்ப உருவாக்கிக்கொண்டுள்ளது. சரிபார்ப்பும் மறைகாப்பும் இணைந்த அறம் தமிழ் அரசியல் சிந்தனையில் முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. சாட்சியச் சட்டம் அவ்வறத்தைக் காவலருக்கு அளித்து, செய்தியாளருக்கு அளிக்காது விட்டுள்ளது. சட்ட ஆணையத்தின் பரிந்துரைகள் நிறைவேறவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகள் வழிகாட்டினும் அவை கருவி கைப்பற்றப்பட்ட பின்னரே பெரும்பாலும் வந்து சேர்கின்றன.

மாஞ்சோலையின் குடியிருப்புகள் இன்று கலைந்துவரும் நிலையில் உள்ளன. மலையை விட்டு இறங்கியோரும் இறங்காதோரும் தம் நிலுவை, மறுவாழ்வு, வீட்டுரிமை குறித்துப் பேச வேண்டியவற்றைப் பேசிவருகின்றனர். அவர்களுள் வழக்கிலோ விண்ணப்பத்திலோ பெயர் இடம்பெற விரும்பாதோரும் இருப்பர். அவர்கள் பேசுவதும் பேசாதிருப்பதும் கேட்பவரின் உறுதிமொழியைப் பொறுத்தது. அவ்வுறுதிமொழிக்குச் சட்டத்தின் துணை கிடைக்கும்வரை, செய்தியாளர் அதனை அளிக்குமுன் தம்மால் காக்க இயலும் எல்லையைப் பேசுபவரிடம் தெளிவாகக் கூறிவிடுதலே அறமாகும்.